தில்லையரின் தராசும் நான் பார்க்காத மூலைகளும்

சென்ற மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற திணைக்களத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நிறுவைப் பரிசோதகர் அவள். "ஐயா, ஒரு மில்லிலையிருந்து பழைய இரும்புத் தராசு ஒண்டைக் கொண்டுவந்து இறக்கியிருக்கினம். இதிலை வயரும் இல்லை, இலக்கம் காட்டிற திரையும் இல்லை. எங்கை துவங்கிறது?" என்று கேட்டாள். மேடைப் பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே பார், நெம்புகள் தெரியும் என்றேன்.

"நெம்பு, பொறுதி, எத்தனம் எல்லாம் சோதினைக்குப் பாடமாக்கினது ஐயா. உண்மையாய் உதெல்லாம் உங்களுக்கு வேலையிலை உதவினதோ?" என்றாள் அவள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போய் முக்கால் மணித்தியாலம் கதைத்துவிட்டேன். கடைசியில் அவளுடைய தொலைபேசியில் சார்ஜ் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டதாக அவள் சொன்னாள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அலுப்புத் தட்டினால் நீங்களும் இடையில் எழும்பிப் போகலாம், எனக்குத் தெரியப்போவதில்லை.

முதலில் என் உத்தியோகம் என்னவென்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் சொந்தக்காரர்களுக்கே அது கடைசிவரை விளங்கவில்லை. கடைகளிலும் சந்தைகளிலும் உள்ள தராசுகள், படிக்கற்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, சரியென்றால் முத்திரை குத்துவதும், பிழையென்றால் பறித்து வைப்பதும் எங்கள் வேலை. சோதிப்பதற்கு அரசாங்கத்தின் இருபது கிலோப் படிக்கற்களை ஊரூராகக் கொண்டு திரிவோம். எனக்குக் கல்யாணம் பேசி வந்த காலத்தில் என் மாமனார் தரகரிடம், "அரசாங்க உத்தியோகம் எண்டுதான் சொல்லுகினம். ஆனா பெடியனைக் கண்ட ஆக்களெல்லாம் அவர் கல்லுத் தூக்கிக்கொண்டு நிண்டதைத்தான் கண்டிருக்கினம்" என்று சந்தேகப்பட்டாராம். கந்தோரில் எனக்கு ஒரு மேசை இருப்பதை நேரில் வந்து பார்த்தபிறகுதான் சம்மதித்தார்.

வேலைக்கான பயிற்சி கொழும்பில் மூன்று மாதம் நடந்தது. அங்கே மீற்றர்க்கோலை ஒரு கூர்முனையில் நிறுத்தி, ஒரு பக்கம் இருபது சென்ரிமீற்றர் தூரத்தில் நூறு கிராம் தொங்கினால் மற்றப் பக்கம் நாற்பதில் எத்தனை கிராம் தொங்கவேண்டும் என்று கேட்டார்கள். ஐம்பது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்பம். இரண்டு பக்கத்துத் திருப்பமும் சமனென்றால் கோல் நிற்கும். உயர்தர வகுப்பில் இந்தக் கணக்கை நித்திரையிலும் செய்தவன் நான். பயிற்சி முடிந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது தராசைப் பற்றி இனிப் படிக்க எதுவும் மிச்சமில்லை என்ற நினைப்போடுதான் வந்தேன். அந்த நினைப்பை முதல் கிழமையே உடைத்தவர் எங்கள் அத்தியட்சகர் அருளையா.

அருளையா மானிப்பாயிலிருந்து சைக்கிளில் வருவார். கரியரில் ஒரு கறுத்தக் குடை கட்டியிருக்கும். அதை அவர் விரித்ததை மழையிலும் நான் காணவில்லை. கான்டிலில் ஒரு தேத்தண்ணிப் போத்தல் தொங்கும். சோதனைக்குப் போகிற இடத்தில் யார் என்ன நீட்டினாலும் வாங்கமாட்டார், ஒரு கோப்பை பச்சைத் தண்ணீர்கூட. தன் போத்தலின் மூடியில் தானே ஊற்றித் தானே குடிப்பார். எங்களுக்கும் தரமாட்டார். குரலை உயர்த்திக் கதைத்து நான் கேட்டதில்லை. நாங்கள் என்ன அறிக்கை எழுதிக் கொடுத்தாலும் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "கண்டனீரோ, நினைச்சனீரோ?" என்று மட்டும் கேட்பார். தராசு சரியாக இருந்ததைக் கண்ணால் கண்டேனா, சரியாக இருக்கும் என்று நினைத்தேனா என்பது அதன் பொருள். முதல் வருடத்தில் அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் மெலிந்தேன்.

ஒருநாள் ஒரு கிராமத்துக் கடைக்கு என்னைக் கூட்டிப் போனார். கடைக்காரர் ஒரு சின்னக் கைத்தராசு வைத்திருந்தார். தூக்கிப் பார்த்தேன். கோல் மட்டமாக நின்றது. "சரி" என்றேன். அருளையா ஒரு தட்டில் அரைக்கிலோப் படியை வைத்து மற்றத் தட்டில் சீனி போட்டு மட்டமாக்கினார். பிறகு சீனியைப் படி இருந்த தட்டுக்கும் படியைச் சீனி இருந்த தட்டுக்கும் மாற்றினார். கோல் ஒரு பக்கம் சரிந்தது. கோலின் ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் கட்டை. வெறுந்தராசில் அது தெரியாமல் இருக்கக் கட்டைக் கையில் பாரமான தட்டைத் தொங்கவிட்டு யாரோ மட்டமாக்கியிருக்கிறார்கள். கடைக்காரர் எப்போதும் சாமான் போட்டது அந்தக் கட்டைக் கைத் தட்டில். அதாவது ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். தகப்பன் காலத்திலிருந்து வந்த தராசு அது. "ரெண்டு தலைமுறையாய்க் கடை ஏன் முன்னுக்கு வரேல்லை எண்டு இப்ப விளங்குது" என்றார் மனிதர். அருளையா அதற்கும் சிரிக்கவில்லை.

மேடைத் தராசைச் சோதிக்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். வெங்காய மூட்டை, நெல் மூட்டை நிறுக்கிற பெரிய இரும்புத் தராசு அது. ஒரு பக்கம் இடுப்பளவு உயரத் தூண், தூணின் உச்சியில் குண்டு நகர்கிற கோல், தூணடியிலிருந்து முன்னால் நீண்டிருக்கும் மேடை. முதலில் நிலத்தைப் பார்ப்பார். நிலம் சரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தி, மட்டமான இடத்துக்குத் தூக்கச் சொல்வார். பிறகு வெறுந்தராசின் கோல் நடுவில் நின்று மெல்ல ஆடவேண்டும். ஆடாமல் விறைத்து நின்றால் உள்ளே எங்கோ உரசுகிறது. பிறகு இருபது கிலோப் படிக்கற்கள் ஐந்தை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் கோலை வாசித்து, நூறு வரை போவார். கடைசியாக அந்த நூறு கிலோவையும் மேடையின் நாலு மூலைக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். நாலிலும் ஒரே நிறை காட்டினால்தான் ஈயப் பொட்டில் முத்திரை விழும். சொல்வதற்கு ஒரு வசனம்தான், தூக்குகிறவனுக்கு அது நானூறு கிலோ.

இனித் தில்லையரின் கதைக்கு வருகிறேன்.

சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்து தெற்கிலிருந்து லொறிகள் வரத் தொடங்கியிருந்த காலம். சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் தில்லையம்பலம் என்றொரு வெங்காய வியாபாரி இருந்தார். எல்லோருக்கும் அவர் தில்லையர். சுற்று வட்டாரத்துக் கமக்காரர்களின் வெங்காயத்தை நிறுத்து வாங்கி லொறியில் ஏற்றுவார். தராசை லட்சுமியாகப் பார்ப்பது எங்கள் பக்கத்து வியாபாரிகளின் வழக்கம், ஆனால் தில்லையரைப் போல ஒருவரும் பார்த்ததில்லை. காலையில் கடை திறந்ததும் மேடையின் தூணடிப் பக்கத்தைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, ஒரு செவ்வரத்தம் பூ வைப்பார். வெற்றிலையில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டபிறகுதான் முதல் மூட்டை ஏறும். தற்செயலாகத் தராசில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

அந்த வருடம் ஆனி மாதம் அவருடைய தராசுக்கு முத்திரை குத்தப் போனவன் நான். அன்றைக்கு அது பதினோராவது தராசு. முதுகு ஏற்கெனவே என்னோடு கோபித்துக்கொண்டிருந்தது. தில்லையர் மரியாதையாகப் பூவை எடுத்து, பொட்டை ஈரத் துணியால் துடைத்து, "வையுங்கோ தம்பி" என்றார். படிக்கற்களை ஓட்டோக்காரர் தூணடியில் இறக்கியிருந்தார். நானும் அவற்றைத் தூணடிப் பக்கத்திலேயே அடுக்கினேன். வைத்த இடத்திலிருந்தே கோலை எட்டி வாசிக்கலாம். நூறு கிலோ, துல்லியமாக நூறு. இனி மூலைகள். மேடையின் மற்றப் பக்கத்தைப் பார்த்தேன், படிக்கற்களைப் பார்த்தேன். கோயிலைப்போல வைத்திருக்கிற தராசில் என்ன பிழை இருக்கப்போகிறது என்று தோன்றியது. படிவத்தில் "நாலு மூலைச் சோதனை: சரி" என்று எழுதி முத்திரையைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

ஆறு கிழமை கழித்து, ஆடியில், செல்லையா அண்ணை சந்தையில் வைத்துச் சண்டை பிடித்தார். அவர் இணுவில் கமக்காரர், என் ஊர்க்காரர். அவருடைய வெங்காய மூட்டை அவருடைய மருமகனின் கடைத் தராசில் ஐம்பது கிலோ. தில்லையரின் தராசில் நாற்பத்தொன்பதே கால். ஒருமுறை என்றால் விட்டிருப்பார். மூன்று முறை நிறுத்துப் பார்த்து, மூன்று முறையும் முக்கால் கிலோ குறைந்தபிறகுதான் வாயைத் திறந்தார். திறந்த வாய் பிறகு மூடவில்லை. "கள்ளத் தராசு" என்று சந்தை முழுக்கக் கேட்கச் சொன்னார்.

தில்லையர் கடையை விட்டு வெளியே வந்தார். "கந்தசாமியாற்றை சந்நிதியிலை கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுறன். நான் ஒருத்தற்றையும் ஒரு வெங்காயம் எடுக்கேல்லை" என்றார்.

"நானும் கொளுத்துறன். என்ரை மூட்டை ஐம்பது" என்றார் செல்லையா அண்ணை.

வெள்ளிக்கிழமை சத்தியம் என்று நாளும் குறித்துவிட்டார்கள். சந்தைப் பெரியவர்களுக்கு இது பெரிய தலையிடி. இரண்டு பேரும் பொய் சொல்லுகிற ஆட்கள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரோ ஒருவர் பொய்யர் ஆகித்தான் தீரவேண்டும். தராசு கள்ளத் தராசு என்று வந்தால் தில்லையர் கடையை மூட வேண்டியதுதான். அவரிடம் இனி ஒரு கமக்காரனும் வரமாட்டான். சரியான தராசு என்று வந்தால் செல்லையா அண்ணை சந்தைக்குள் தலைகாட்ட முடியாது. அவர்கள் எங்கள் கந்தோருக்குக் கடிதம் எழுதினார்கள். அருளையா அதை வாசித்துவிட்டு, "ரெண்டு பேரும் சத்தியம் பண்ணினா ரெண்டு கற்பூரம் எரியும். வேறை ஒண்டும் தெரியவராது. வியாழக்கிழமை தராசைப் பாப்பம். நீரும் வாரும்" என்றார்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். எனக்கு மடி நிறையக் கனம். அப்போது எனக்கு நியமனம் உறுதியாகவில்லை, இன்னும் தகுதிகாண் காலம்தான். மகள் பிறந்து நாலு மாதம். புதன்கிழமை வீட்டில் வைத்த நல்ல மீன்குழம்பை நான் தொடவே இல்லை.

வியாழக்கிழமை காலை போய்ச் சேரும்போது பலாப்பழத்தில் ஈ மொய்ப்பதுபோலத் தராசைச் சுற்றிச் சனம். தில்லையர் அன்றைக்கும் எங்களுக்காகப் பூவை எடுத்துத் துடைத்து வைத்திருந்தார். அருளையா குடையைச் சுவரில் சாய்த்தார்.

"நீர்தானே ஆனியிலை பாத்தனீர். அண்டைக்கு வைச்ச மாதிரியே வையும்" என்றார்.

வைத்தேன். நிலம் மட்டம். வெறுங்கோல் ஆடியது. தூணடியில் ஐந்து படிக்கற்களை அடுக்கினேன். நூறு. கோல் நடுவில் நின்றது. தில்லையர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். சனத்துக்குள்ளிருந்து ஒருவர், "செல்லையா, இனி என்ன சொல்லப்போறாய்? தில்லையரிட்டை மன்னிப்புக் கேள்" என்றார்.

"என்ரை மூட்டை ஐம்பதுதான்" என்றார் செல்லையா அண்ணை. அந்த மனிதர் மெல்லக் கதைத்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஊரில் அவர் தன் வீட்டில் கதைத்தால் எங்கள் வீட்டில் கேட்கும். மூலைகள் இன்னும் பார்க்கவில்லை என்று அந்த நேரம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூட்டைகளின்மேல் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தவர் மணியம். சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. அவர் யாருக்கும் சொல்லாமல் தனக்குத்தானே சொன்னதுபோல, "உதிலை ஆர் மூட்டை வைக்கிறது?" என்றார்.

அருளையா திரும்பினார். "என்ன சொன்னனீங்கள்?"

மணியம் பயந்து எழும்பி நின்றார். "இல்லை ஐயா, தூணடி முதலாளி பொட்டு வைச்சுப் பூ வைக்கிற இடம். உதிலை நாங்கள் ஒருநாளும் மூட்டை வைக்கிறேல்லை. நான் வந்த நாள் தொட்டு அங்காலைப் பக்கம்தான் போடுறது. சாமி இருக்கிற இடத்திலை சாக்கை எறியலாமோ?"

"காணும், கல்லுகளை அங்காலை மாத்தும்" என்றார் அருளையா என்னிடம்.

ஐந்து தரம் தூக்கி ஐந்து தரம் வைத்தேன். ஐந்தாவதை வைக்கும்போது கோல் கீழே விழுந்து கிடந்தது. குண்டை நகர்த்தி நகர்த்தி மட்டத்துக்குக் கொண்டு வந்தேன். தொண்ணூற்றெட்டரை. பிறகு மேடையின் சரி நடுவில் வைக்கச் சொன்னார். தொண்ணூற்றொன்பதே கால். மூன்று நிறையையும் சுண்ணக்கட்டியால் கடைச் சுவரில் எழுதினார்.

சனம் பொங்கி எழும்பியது. "பரிசோதகர் கல்லு வைக்கிற பக்கம் சரி, கமக்காரன் மூட்டை வைக்கிற பக்கம் பிழை. எப்பிடி மூளை பாருங்கோ" என்றார் ஒருவர். பூ வைத்ததே தந்திரம் என்றார் இன்னொருவர். தில்லையர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "நான் பூத்தானே வைச்சனான்" என்று மட்டும் சொன்னார். அதை இரண்டு மூன்று தரம் சொன்னார்.

அருளையா மேடைப் பலகையைக் கழற்றச் சொன்னார். உள்ளே இரண்டு இரும்பு நெம்புகள், ஒன்று தூணடிப் பக்கம், ஒன்று அங்காலைப் பக்கம். சனத்தில் பாதிப்பேர் தராசுக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டார்கள். அருளையா மணியத்தைக் கூப்பிட்டு, இரண்டு பேர் தோளில் வைத்து மூட்டை காவுகிற தடியைக் கொண்டுவரச் சொன்னார். மணியமும் இன்னொரு நாட்டாமையும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். மூட்டை நடுவில் தொங்கியது. அருளையா அதை மணியத்தின் பக்கம் தள்ளி அரக்கினார்.

"இப்ப ஆருக்குப் பாரம்?"

"எனக்குத்தான் ஐயா. அவன் அங்கை சிரிச்சுக்கொண்டு நிக்கிறான்."

"மூட்டையின்ரை பாரம் கூடிச்சுதோ?"

"அதென்னெண்டு கூடும். ரெண்டு பேற்றை தோளிலையும் உள்ளதைக் கூட்டினா அதே மூட்டைதானே."

"அவ்வளவுதான்" என்றார் அருளையா. மேடைக்குக் கீழே இருக்கிற இரண்டு நெம்பும் இரண்டு நாட்டாமைகள். மூட்டை யாருக்குக் கிட்டவோ அவர் கூடச் சுமப்பார். ஒவ்வொருவரும் தான் சுமப்பதில் பத்தில் ஒரு பங்கைக் கோலுக்குச் சொல்லவேண்டும். இருவரும் ஒழுங்காகச் சொன்னால் மூட்டையை எங்கே வைத்தாலும் ஒரே நிறை. ஒருவர் குறைத்துச் சொன்னால், அவர் பக்கத்து மூட்டை மட்டும் குறையும். நடுவில் வைத்தால் பாதிதான் குறையும். சுவரில் இருந்த மூன்று நிறையையும் சுண்ணக்கட்டியால் தட்டிக் காட்டினார்.

பிறகு அளவுகோலை எடுத்து நிலத்தில் முழங்காலிட்டார். நெம்பு சுழலுகிற பொறுதிக்கும், மேடையின் பாரம் வந்து அழுத்துகிற கத்திவிளிம்புக்கும் இடையில் நூறு மில்லிமீற்றர் இருக்கவேண்டும். தூணடி நெம்பில் நூறு இருந்தது. அங்காலை நெம்பில் கத்திவிளிம்பு இருந்த குழி தேய்ந்து, விளிம்பு பொறுதியின் பக்கம் அரக்குப்பட்டிருந்தது. அருளையா கைலேஞ்சியால் துருவைத் துடைத்துவிட்டு என்னை வாசிக்கச் சொன்னார். தொண்ணூற்றெட்டரை. சுவரிலும் தொண்ணூற்றெட்டரை. விசை மாறவில்லை, தூரம் ஒன்றரை மில்லிமீற்றர் குறைந்தது, திருப்பம் அதே அளவு குறைந்தது. பென்சிலால் எத்தனையோ தரம் செய்து சரி வாங்கிய கணக்கு, துருப்பிடித்து என் முன்னால் கிடந்தது.

சனம் சுவரையும் அளவுகோலையும் மாறி மாறிப் பார்த்தது. ஆனால் விஷயம் முடியவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்கச் சொன்ன அதே மனிதர், "அப்ப உது எப்ப தேஞ்சது? ஆறு கிழமைக்கு முந்தித்தானே முத்திரை குத்தினவை. நாலு மூலையும் பாத்துச் சரி எண்டுதானே குத்துறது. அண்டைக்குச் சரியாயிருந்தா, பிறகு ஆரோ அரம் போட்டு ராவியிருக்கோணும்" என்றார்.

அது நியாயமான கேள்வி. எல்லோரும் தில்லையரைப் பார்த்தார்கள். தில்லையர் என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. அன்றைக்கு நான் மூலை பார்த்தேனா இல்லையா என்பதே அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. அருளையா எழும்பி வேட்டியில் இருந்த மண்ணைத் தட்டினார். அது பல வருடத் தேய்வு, அரம் பட்ட இரும்பு அப்படி இராது என்று அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து என் ஆனி மாதப் படிவத்தை எடுத்து விரித்தார்.

"நாலு மூலையும் சரி எண்டு எழுதியிருக்கிறீர். கண்டனீரோ, நினைச்சனீரோ?"

கண்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் தப்பிவிடுவேன். வேறு சாட்சி ஒருவரும் அங்கே இல்லை. தில்லையர் வாழ்நாள் முழுக்கக் கள்ளத் தராசுக்காரர். நினைத்தேன் என்று சொன்னால் என் வேலை போனாலும் போகும். இப்போது எழுதும்போது உடனே சொன்னதாகத்தான் எழுத ஆசை. உண்மையில், படிவத்தில் இருந்த என் எழுத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருதரம் வாசித்தபிறகுதான் சொன்னேன்.

"நினைச்சனான் சேர். மூலை பாக்கேல்லை. தூணடியிலை மட்டும்தான் வைச்சனான். ஆனியிலையும் உந்தத் தேய்வு இருந்திருக்கும். முதலாளியிலை பிழை இல்லை."

முதலில் வாயைத் திறந்தவர் மணியம். "நாங்கள் தூக்கிறம், கூலி தாறியள். ஐயாமாருக்கும் முதுகு நோகும்தானே" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். செல்லையா அண்ணைக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "எங்கடை இணுவில் பெடியன். ஊர் மானத்தை வாங்கிப்போட்டான்" என்று பழைய சத்தத்தில் சொல்லிக்கொண்டு போய், நிலத்தில் இருந்த தில்லையருக்குக் கையை நீட்டினார்.

"எழும்பு தில்லை. நீயும் கள்ளன் இல்லை, நானும் பொய்யன் இல்லை. நாளைக்குக் கோயிலுக்குப் போறது போறதுதான். சும்மா கும்பிட்டிட்டு வருவம்."

அருளையா படிவத்தில் என் வசனத்தை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் திருத்தி எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். என்னைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. எனக்கு வேலை போகவில்லை. நியமனம் உறுதியாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. அதோடு, அந்தப் பருவத்தில் நான் முத்திரை குத்திய மேடைத் தராசுகள் அத்தனையையும் மறுபடி, நாலு மூலையும், நானே தூக்கி வைத்துப் பார்க்கவேண்டும் என்று கட்டளை வந்தது. முதல் நாள் அருளையாவும் கூட வந்தார். நான் தூக்கினேன், அவர் வாசித்தார். மத்தியானம் நான் வேப்பமரத்தடியில் குந்தியிருந்தபோது தன் போத்தலைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி என்னிடம் நீட்டினார். பனங்கட்டி போட்டு, ஆறிப்போயிருந்தது. அதைவிட நல்ல தேத்தண்ணி நான் குடித்ததில்லை.

மறுபடி பார்த்ததில் இன்னும் இரண்டு தராசுகள் பிழையாக இருந்தன. ஒன்று சுவரோடு ஒட்டி வைத்திருந்ததால் முன்பக்கம் தேய்ந்தது, மற்றது ஏனென்று ஒருவருக்கும் தெரியவில்லை. என் மனைவி, கல்யாணம் பேசின காலத்தில் தன் தகப்பன் சந்தேகப்பட்டது சரிதான் என்றாள்.

தில்லையர் கத்திவிளிம்புகளை மாற்றித் தராசைத் திருத்தினார். எந்தக் கமக்காரனுக்கு எவ்வளவு குறைந்தது என்று அவரால் சொல்ல முடியாது. அதனால் அடுத்த நடுகைக்குத் தன்னிடம் மூட்டை கொண்டுவந்தவர்கள் எல்லோருக்கும் விதை வெங்காயம் கொடுத்தார். செல்லையா அண்ணை தனக்கு வேண்டாம் என்றார், பிறகு மற்றவர்களைவிடக் கூடக் கொண்டு போனார். பூவும் பொட்டும் மேடையிலிருந்து தூணின் உச்சிக்கு இடம் மாறின. லட்சுமிக்கு இப்போது நல்ல காற்று என்றார் மணியம்.

அடுத்த ஆனியில் முத்திரை குத்தும் வேலையை ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் வைத்தோம். இரண்டு மேசை. ஒன்றில் நான், மற்றதில் என்னைவிட மூத்த பரிசோதகர் குணரத்தினம். அவருடைய சேவையில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை என்பது திணைக்களம் முழுக்கத் தெரிந்த விஷயம். நான் மூலை மூலையாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் என் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. குணரத்தினத்தின் மேசை வெறுமையாகிவிட்டது.

தில்லையரின் தராசு லொறியில் வந்து இறங்கியது. அவர் நேரே என் வரிசையின் கடைசியில் போய் நின்றார். "முதலாளி, இங்காலை வாங்கோ, உடனை பாத்துத் தாறன்" என்று குணரத்தினம் இரண்டு தரம் கூப்பிட்டார். தில்லையர் கையைக் காட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். ஒன்றரை மணித்தியாலம் கழித்து அவருடைய முறை வந்தது.

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "நீங்கள் அவரிட்டைப் போயிருக்கலாமே. அவர் பிழை விடாத ஆள்" என்றேன்.

"ஓம் தம்பி, எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம்" என்றார் தில்லையர். "ஆனா அவர் ஒருநாள் விட்டாரெண்டா எனக்கு ஆர் சொல்றது? நீங்கள் எண்டா சொல்லுவியள்."

நான் குனிந்து முதல் படிக்கல்லைத் தூக்கினேன். அந்த நேரம் முகத்தை அவருக்குக் காட்டாமல் இருப்பதற்கு அது வசதியாக இருந்தது.